ஸீன் நதி கொண்டுபோன செல்வங்கள்

நடன மேதை இஸடோரா டங்கனின் சோக வரலாறு

இஸடோரா டங்கன் என்ற பெயரைக் கேட்டதும் கலை உலகம் ஒரு சால்வையைத்தான் நினைத்துக்கொள்கிறது. பிரான்ஸ் தேசத்தின் நீஸ் நகரத்தில், 1927-ம் ஆண்டு, ஓடும் காரின் சக்கரத்தில் கழுத்துச் சால்வை சிக்கி அந்த நடன மேதை மாண்டார். அந்த விபரீத மரணம் நூல்களிலும் சினிமாவிலும் இடம் பெற்று உலகெங்கும் பரவிவிட்டது.

ஆனால் அவருடைய வாழ்வின் ஒளியை அணைத்தது அந்தச் சால்வை அல்ல. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, பாரிஸை அடுத்த நதிக்கரைச் சாலை ஒன்றில், ஒரு காரோட்டி போட மறந்த கைப் பிரேக் அவரைப் பாதி கொன்றுவிட்டது. கையால் ஒரு முறை இழுத்துவிட வேண்டிய நெம்புகோல். அதை இழுக்காமல் விட்டதற்கு விலையாகப் போனவை மூன்று உயிர்கள். அவற்றில் இரண்டு இஸடோராவின் குழந்தைகள்.

பாங்கி முறிந்தது

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், 1877-ம் ஆண்டு மே மாதம் இஸடோரா பிறந்தார். எலிஸபெத், அகஸ்டின், ரேமண்ட் ஆகிய மூவருக்கும் பிறகு வந்த கடைக்குட்டி.

தந்தை ஜோஸப் டங்கன் பாங்கி நடத்திவந்தவர். கலைகளில் மோகம் கொண்டவர். இஸடோரா கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய பாங்கி முறிந்தது. குடும்பமும் முறிந்தது. தாயும் தந்தையும் விவாகரத்துச் செய்துகொண்டனர். நான்கு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தாயார் ஓக்லண்ட் நகரத்தில் குடியேறினார்.

அந்தத் தாய் வீடு வீடாகச் சென்று பியானோ கற்றுக்கொடுத்தார். அது போதாமல் கம்பளிக் குல்லாய்களும் கையுறைகளும் பின்னி விற்றார். வாடகை பாக்கி ஏறி வீட்டைக் காலி செய்வதும், வேறு வீடு தேடுவதும் அந்தக் குடும்பத்துக்குப் பழகிப்போன சங்கதிகள். கடன் சொல்லிச் சாமான் வாங்கிவர வேண்டுமானால் கடைக்குட்டியைத்தான் அனுப்புவார்கள். கூச்சமில்லாமல் பேசிக் காரியத்தைச் சாதித்துக்கொண்டு வரும் சாமர்த்தியம் இஸடோராவுக்கே உண்டு. தாயார் பின்னிய குல்லாய்களைக் கடைக்காரர் வாங்க மறுத்தபோது, சிறுமி இஸடோரா அவற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய், கடைக்காரர் தரும் விலைக்கும் கூடுதலாக வீட்டு வாசல்களில் விற்றுவிட்டு வந்தாராம்.

வயிற்றுக்குத்தான் பஞ்சமே தவிர, மனத்துக்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை. இரவு வேளைகளில் தாயார் பீதோவன், ஷோபான் முதலிய இசை மேதைகளின் பாடல்களைப் பியானோவில் வாசிப்பார். ஷேக்ஸ்பியரையும் ஷெல்லியையும் படித்துக் காட்டுவார். குழந்தைகள் சுற்றிலும் உட்கார்ந்து கேட்பார்கள். பள்ளிக்கூடம் இஸடோராவுக்குப் பிடிக்கவில்லை. பத்து வயதிலேயே நின்றுவிட்டார். ஓக்லண்ட் நூலகத்தின் தலைவியாக இருந்த கவிஞர் ஈனா கூல்பிரித் அம்மையார் அந்தச் சிறுமிக்கு நல்ல நூல்களை எடுத்துக் கொடுத்து வழிகாட்டினார்.

வெறுங்கால் நடனம்

அண்டை வீட்டுக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு கைகளை அசைக்கச் சொல்லிக்கொடுத்ததுதான் இஸடோரா நடத்திய முதல் நடனப் பள்ளி. பிறகு ஓர் ஆசிரியரிடம் பாலே நடனம் பயிலச் சென்றார். ஆசிரியர் கால்விரல் நுனியில் நிற்கச் சொன்னார். அது அழகாக இல்லை, இயற்கைக்கும் மாறானது என்று தோன்றியது மாணவிக்கு. மூன்றாம் பாடத்தோடு முழுக்குப் போட்டுவிட்டார்.

அந்நாளில் மேனாட்டு நடனம் என்றால் இறுகப் பிடித்த கச்சையும், விறைத்த பாவாடையும், நுனிவிரல் ஜோடும்தான். இஸடோரா அவற்றையெல்லாம் களைந்து எறிந்தார். கடல் அலை எழுந்து விழுவதைப் போலவும், காற்றில் மரக்கிளை அசைவதைப் போலவும் உடல் தானாக ஆட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மெல்லிய கிரேக்க உடை, அவிழ்ந்து புரளும் கூந்தல், செருப்பில்லாத பாதம். வெறுங்காலுடன் மேடையேறுவது பரதநாட்டியம் கண்ட நமக்குச் சர்வ சாதாரணம். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது அதிர்ச்சியாக இருந்தது.

தாயும் மகளும் 1895-ல் பிழைப்புத் தேடிச் சிகாகோவுக்குப் போனார்கள். தாயாரின் நகைகள் விலை போயின. பிறகு நியூயார்க்கில் அகஸ்டின் டேலி என்பவருடைய நாடகக் கம்பெனியில் இஸடோராவுக்கு இடம் கிடைத்தது. சிறு சிறு வேஷங்கள். அவை அவருக்கு மன நிறைவு தரவில்லை. கம்பெனியை விட்டு விலகி, செல்வர் வீட்டுக் கூடங்களில் ஆடத் தொடங்கினார்.

1899-ம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க்கின் வின்ட்ஸர் ஹோட்டல் தீப்பற்றி எரிந்தது. டங்கன் குடும்பத்தார் அங்கேதான் நடன வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். மாணவிகள் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் குடும்பத்தின் உடைமைகள் சாம்பலாயின. அதே ஆண்டில் அவர்கள் லண்டனுக்குக் கப்பலேறினார்கள். அது பயணிகள் கப்பல் அல்ல. மாடு ஏற்றிச் செல்லும் கப்பல். அதற்குத்தான் கையில் காசு இருந்தது.

ஐரோப்பாவின் ராணி

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியமும், பாரிஸில் லூவ்ர் மியூசியமும் இஸடோராவுக்குக் குருகுலங்கள் ஆயின. பழங்கால கிரேக்க ஜாடிகளில் தீட்டப்பட்டிருந்த நடன உருவங்களை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் ரேமண்ட் பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைப் படமாக வரைந்துகொள்வார். அந்த உருவங்களின் அசைவுகள் இஸடோராவின் ஆட்டத்தில் உயிர் பெற்றன.

1902-ல் ஹங்கேரியின் தலைநகரமான புடாபெஸ்டில் அவருக்குப் பெரிய வெற்றி கிடைத்தது. இரவுக்கு இரவு கொட்டகை நிறைந்தது. ஜெர்மனியில் இளைஞர்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்கள். நடனத்துக்கென்று எழுதப்படாத பீதோவன், ஷோபான் சங்கீதத்துக்கு ஆடலாமா என்று விமரிசகர்கள் சினந்தார்கள். ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

கையில் பணம் சேர்ந்ததும் உடன்பிறந்தாரோடு 1903-ல் கிரேக்க நாட்டுக்குப் போனார். ஏதென்ஸ் நகரத்தின் புகழ்பெற்ற அக்ரோபோலிஸ் குன்றை எதிரே பார்க்கும்படியான மேட்டு நிலம் ஒன்றை வாங்கி, கோயில் போன்ற வீடு கட்ட ஆரம்பித்தார்கள். சுவர் எழும்பிய பிறகுதான் அக்கம்பக்கத்தில் எங்குமே தண்ணீர் இல்லை என்பது தெரிந்தது. பணம் கரைந்தது, வீடு பாதியில் நின்றது. அந்த இடம் பிற்காலத்தில் நடன ஆராய்ச்சி நிலையமாக உருவெடுத்தது தனிக் கதை.

1904-ம் ஆண்டின் இறுதியில் ரஷியாவின் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆடினார். பாலே நடனத்தின் கோட்டையாகிய அந்த நகரத்திலும் அவருடைய வெறுங்கால் நடனம் சலசலப்பை உண்டாக்கியது. பிற்காலத்தில் பாலேயையே புதுப்பித்த ஃபோகின் போன்ற கலைஞர்கள் அந்த நடனத்தைக் கண்டு வியந்தார்கள்.

அதே ஆண்டில் பெர்லினை அடுத்த க்ரூனவால்டில் ஒரு நடனப் பள்ளியைத் திறந்தார். ஏழைச் சிறுமிகளுக்கு அங்கே உணவு, உடை, உறைவிடம், கல்வி எல்லாம் இலவசம். மேடையில் சம்பாதித்ததைப் பள்ளியில் கொட்டினார்.

இரு கண்மணிகள்

பெற்றோரின் மணவாழ்வு முறிந்ததைக் கண்டு வளர்ந்த இஸடோரா, திருமணம் என்ற பந்தத்தை வெறுத்தார். ஆனால் தாய்மையை வெறுக்கவில்லை. ஆங்கில நாடக மேடை அமைப்பில் புதுமைகள் செய்த கோர்டன் கிரெய்க் என்ற கலைஞரிடம் மனத்தைப் பறிகொடுத்தார். 1906-ம் ஆண்டு செப்டம்பரில் ஹாலந்து நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் பெண் குழந்தை பிறந்தது. டீர்டிரே என்று பெயர் வைத்தார்.

கிரெய்க்குடன் கொண்ட உறவு நீடிக்கவில்லை. பிறகு தையல் இயந்திரச் சக்ரவர்த்தி ஸிங்கரின் புதல்வர் பாரிஸ் ஸிங்கர் என்ற செல்வச் சீமானின் நட்புக் கிடைத்தது. அவர் மூலம் 1910-ம் ஆண்டு மே மாதம் ஆண் குழந்தை பிறந்தது. பாட்ரிக் என்று பெயர்.

புகழ், செல்வம், குழந்தைகள், மாணவிகள் என்று அவருக்கு எதிலும் குறைவில்லை. 1913-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸ் நகரத்தில் ஷான்ஸெலிஸே நாடக அரங்கம் திறக்கப்பட்டது. அதன் முகப்புச் சிற்பங்களில் சிற்பி பூர்தெல் வடித்திருந்த நடன மாதின் உருவம் இஸடோராவைப் பார்த்துச் செதுக்கியது. உயிரோடு இருக்கும்போதே கல்லில் இடம் பெற்றுவிட்டார்.

ஆயினும் அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவர் மனத்தில் இனம் தெரியாத ஒரு கலக்கம். ரஷியாவில் நடனப் பயணம் செய்தபோது, விடியற்காலையில் பனி குவிந்து கிடந்த சாலையின் இருபுறமும் குழந்தைகளின் சவப்பெட்டிகள் வரிசையாகத் தெரிவது போல அவர் கண்ணுக்குப் பட்டதாம். கூட வந்தவர், அவை வெறும் பனிக் குவியல்கள் என்று சமாதானம் சொன்னாராம். தமது சுயசரிதையில் இஸடோரா இதை எழுதிவைத்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை

1913-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, சனிக்கிழமை.

அச்சமயம் இஸடோரா குழந்தைகளோடு பாரிஸுக்கு அருகிலுள்ள வெர்ஸேல்ஸில் தங்கியிருந்தார். அவருக்கும் ஸிங்கருக்கும் இடையே சில காலமாக மனஸ்தாபம். அன்று குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்று ஸிங்கர் சொல்லி அனுப்பினார். தாயும் குழந்தைகளும் பாரிஸுக்கு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஹோட்டலில் மகிழ்ச்சியாகப் பகலுணவு அருந்தினார்கள். பழைய பிணக்குத் தீர்ந்து குடும்பம் ஒன்றுசேரும் என்ற நம்பிக்கை பிறந்தது.

உணவு முடிந்தது. இஸடோராவுக்கு நியூயி பகுதியிலிருந்த தமது நடனக் கூடத்தில் ஒத்திகை இருந்தது. அங்கே இறங்கிக்கொண்டார். குழந்தைகளும் அவர்களுடைய தாதியும் காரிலேயே வெர்ஸேல்ஸுக்குத் திரும்புவதாக ஏற்பாடு. காரின் கண்ணாடியில் டீர்டிரே உதட்டைப் பதித்தாள். வெளியே நின்ற தாய் குனிந்து அந்த இடத்தில் முத்தமிட்டார். கண்ணாடியின் குளிர்ச்சி உதட்டில் உறைத்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

கார் புறப்பட்டது. சிறிது தூரத்தில் ஸீன் நதியை ஒட்டிச் செல்லும் பூர்தோன் சாலை. அங்கே எதிர்ப்பட்ட இன்னொரு வண்டியின்மேல் மோதாமல் தப்பிக்கக் காரோட்டி சட்டென்று பிரேக் பிடித்தார். மோதல் தவிர்க்கப்பட்டது. ஆனால் எஞ்சின் நின்றுவிட்டது.

இக்காலத்துக் கார் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓட்டிவிடலாம். அப்போது அப்படியல்ல. காரோட்டி இறங்கி முன்புறம் வந்து, ஹாண்டிலைப் பொருத்திக் கையால் சுற்ற வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும்; கைப் பிரேக்கை இழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொண்டதும் ஓட்ட ஆளில்லாமலே கார் நகர்ந்துவிடும்.

அந்தக் காரோட்டி கைப் பிரேக்கைப் போடாமலே இறங்கிவிட்டார்.

ஹாண்டிலைச் சுற்றினார். எஞ்சின் உறுமியது. கார் நகர்ந்தது. அவர் பதறிப்போய்த் தடுக்க முயன்றும் பலனில்லை. சாலையைக் கடந்து, புல் முளைத்த சரிவில் உருண்டு, கார் நேரே ஸீன் நதிக்குள் விழுந்தது. கதவுகள் மூடியிருந்தன. உள்ளே ஆறு வயது டீர்டிரே, மூன்று வயது நிரம்பாத பாட்ரிக், அவர்களைக் காக்க வந்த தாதி.

நீரின் அடியிலிருந்து காரை மேலே கொண்டுவந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

நடனக் கூடத்தில் இஸடோரா ஒத்திகைக்கு முன் சற்று ஓய்வாகச் சாய்ந்திருந்தார். யாரோ அனுப்பிய மிட்டாய்ப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தம்மைவிடப் பாக்கியசாலி இந்த உலகத்தில் உண்டா என்று எண்ணிக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் ஸிங்கர் தள்ளாடியபடி உள்ளே வந்தார்.

மன்னித்த தாய்

பாரிஸ் நகரமே துக்கத்தில் ஆழ்ந்தது. கலைக் கல்லூரி மாணவர்கள் இரவோடு இரவாக வந்து, இஸடோராவின் தோட்டத்திலிருந்த மரம் செடிகளையெல்லாம் வெள்ளை மலர்களால் மூடிவிட்டுப் போனார்கள். மதச் சடங்குகள் வேண்டாம் என்று இஸடோரா சொல்லிவிட்டார். வீட்டுக் கூடத்தில் இசை முழங்கியது. குழந்தைகளின் உடல்கள் பேர் லஷேஸ் மயானத்தில் தகனம் செய்யப்பட்டன.

காரோட்டி கைது செய்யப்பட்டுச் சிறையில் இருந்தார். அவரைப் பழிவாங்க வேண்டும் என்று கொதிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டென்றால் அது இஸடோராவுக்குத்தான். ஆனால் அந்தத் தாய் செய்தது வேறு. காரோட்டியும் குழந்தைகளைப் பெற்ற தகப்பன். அவர் தம் குடும்பத்தாரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று அதிகாரிகளை வேண்டிக்கொண்டார். காரோட்டி விடுதலை செய்யப்பட்டார்.

நடன மேடையில் இஸடோரா காட்டிய எந்தப் பாவத்தையும்விட உயர்ந்த காரியம் இது. அவருடைய வாழ்வில் குறை காண்பவர் பலர் உண்டு. அவர்கள்கூட இந்த இடத்தில் தலை வணங்கத்தான் வேண்டும்.

தீராத துயரம்

அதன் பிறகு இஸடோரா ஓரிடத்தில் தங்கவில்லை. அண்ணன் ரேமண்டும் அவர் மனைவியும் பால்கன் யுத்தத்தில் வீடிழந்த அகதிகளுக்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள். இஸடோராவும் அங்கே போய்ப் பசித்த குழந்தைகளுக்குச் சோறு போடும் வேலையில் சேர்ந்தார். பிறர் குழந்தைகளின் பசி தீர்ந்ததே தவிர, அவருடைய நெஞ்சுப் புண் ஆறவில்லை. பிறகு இத்தாலியில் எலியனோரா தூஸே என்ற பெரிய நடிகையின் ஆதரவில் சில காலம் கழித்தார்.

ஸிங்கர் அவருக்காகப் பாரிஸ் அருகே பெல்வ்யூ என்னுமிடத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றை வாங்கி நடனப் பள்ளியாக்கிக் கொடுத்தார். 1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், முதல் உலக யுத்தம் மூண்ட சமயத்தில், அங்கே இஸடோராவுக்கு இன்னோர் ஆண் குழந்தை பிறந்தது. சில மணி நேரமே உயிரோடிருந்து கண்ணை மூடிவிட்டது. பள்ளிக்கூடம் யுத்த ஆஸ்பத்திரியாக மாறியது.

பெற்ற பிள்ளைகள் போய்விட்ட பின் வளர்த்த பிள்ளைகளே அவருக்குத் துணை. அன்னா, இர்மா முதலிய ஆறு மாணவிகள் டங்கன் என்ற குடும்பப் பெயரையே தாங்கி அவருடைய கலையைப் பரப்பினார்கள்.

1921-ல் சோவியத் அரசின் அழைப்பின்பேரில் மாஸ்கோ சென்று நடனப் பள்ளி தொடங்கினார். அங்கே தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரான கவிஞர் ஸெர்கே எஸெனினைச் சந்தித்தார். அவருக்கு ரஷிய மொழி தவிர வேறு தெரியாது. இவருக்கு ரஷிய மொழியில் தெரிந்தவை சில சொற்களே. திருமணமே வேண்டாம் என்றிருந்தவர் 1922 மே மாதம் அந்தக் கவிஞரை மணந்துகொண்டார். கணவரோடு அமெரிக்கா சென்றபோது, பொதுவுடைமை நாட்டிலிருந்து வந்தவர் என்ற சந்தேகத்தில் தாய்நாடே அவரை வாசலில் நிறுத்தி விசாரித்தது. கவிஞரின் குடிப்பழக்கம் இல்வாழ்வைக் குலைத்தது. இருவரும் பிரிந்தனர். 1925-ம் ஆண்டு டிசம்பர் மாதம் லெனின்கிராடில் ஒரு ஹோட்டல் அறையில் எஸெனினின் வாழ்வு முடிந்தது. சட்டப்படி தமக்கு வர வேண்டிய அவருடைய நூல் வருமானத்தை, கடனில் மூழ்கியிருந்த நிலையிலும் இஸடோரா ஏற்கவில்லை. கவிஞரின் தாயாருக்கும் சகோதரிகளுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

நீஸ் நகரத்து இரவு

கடைசி ஆண்டுகள் வறுமையிலும் கடனிலும் கழிந்தன. பணத்துக்காகவே சுயசரிதையை எழுதினார். 1927 ஜூலை மாதம் பாரிஸில் மொகதோர் அரங்கத்தில் கடைசியாக ஆடினார்.

1927 செப்டம்பர் 14-ந் தேதி இரவு, நீஸ் நகரத்துக் கடற்கரைச் சாலையில், அமில்கார் என்ற சிறிய திறந்த காரில் உலாவப் புறப்பட்டார். கழுத்தில் நீண்ட பட்டுச் சால்வை. காற்றுக்குக் கனமான மேலங்கி அணிந்துகொள்ளும்படி சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. தாழ்ந்த கார், ஆரக்கால் சக்கரம். கார் கிளம்பியதும் சால்வையின் நுனி பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஒரே இழுப்பில் கழுத்து முறிந்தது. வயது ஐம்பது.

அவருடைய சாம்பல் பேர் லஷேஸ் மயானத்தில் குழந்தைகளின் சாம்பலுக்கு அருகே வைக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் பிரிந்திருந்த தாயும் மக்களும் அங்கேதான் ஒன்றுசேர்ந்தார்கள்.

நூறு ஆண்டுகளுக்குப் பின்னும்

காரை ஹாண்டிலால் சுற்றிக் கிளப்பும் காலம் மலையேறிவிட்டது. அமெரிக்க எஞ்சினீயர் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டிலேயே காடிலாக் கார்களில் வந்துவிட்டது. பாரிஸில் நின்றுபோன அந்தக் காரில் மட்டும் அது இருந்திருந்தால், காரோட்டி கீழே இறங்கியே இருக்கமாட்டார்.

இயந்திரங்கள் முன்னேறியபின் இத்தகைய விபத்துக்கே இடமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இஸடோராவின் குழந்தைகள் மாண்டு 103 ஆண்டுகள் சென்றபின், அமெரிக்காவில் ஓர் இளம் நடிகரின் உயிர் ஏறக்குறைய அதே விதமாகப் பறிபோயிற்று.

அவர் பெயர் ஆன்டன் யெல்ச்சின். எஸெனின் மாண்ட அதே லெனின்கிராடில் 1989-ல் பிறந்தவர். தாயும் தந்தையும் பனித்தளத்தில் சறுக்கி ஆடும் கலைஞர்கள். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 2009-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் ரஷிய வாலிபர் செகோவாக நடித்துப் புகழ் பெற்றார்.

2016-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் ஒத்திகைக்கு வராததால் நண்பர்கள் வீட்டுக்குத் தேடிச் சென்றார்கள். வீட்டின் முன்பாதை செங்குத்தான சரிவு. அதில் நிறுத்தியிருந்த அவருடைய ஜீப் பின்னோக்கி உருண்டு வந்து, செங்கல் தூணோடும் வேலியோடும் அவரை நசுக்கியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. அவருக்கு வயது 27. பெற்றோருக்கு ஒரே மகன்.

அந்த ரக வண்டியின் கியர்த் தண்டு, எந்த நிலைக்குத் தள்ளினாலும் மறுபடி நடுவுக்கே வந்து நிற்கும். ஆகையால் வண்டி நிறுத்த நிலைக்கு வந்துவிட்டது என்று நம்பி ஓட்டுநர்கள் இறங்கிவிட, வண்டி உருளும் அபாயம் இருந்தது. அந்தக் காரணத்துக்காக, உலகெங்கும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி 2016 ஏப்ரலில்தான் கம்பெனி அறிவித்திருந்தது. யெல்ச்சினின் வண்டியும் அந்த ரகத்தைச் சேர்ந்ததே.

கையின் கடமை

கால் பிரேக் காலை வைத்திருக்கும்வரைதான் பிடிக்கும். காலை எடுத்தால் வண்டிக்குக் கட்டுப்பாடு இல்லை. கைப் பிரேக் அப்படியல்ல. இழுத்ததும் கம்பிவடம் சக்கரங்களின் பிரேக்கை இறுக்குகிறது. நெம்புகோலின் அடியிலுள்ள பற்கள் அதை அந்த இடத்திலேயே பூட்டிவைக்கின்றன. நாமாக விடுவிக்கும்வரை பிடி தளராது. புது மாதிரிக் கார்களில் நெம்புகோலுக்குப் பதில் பொத்தான் வந்திருக்கிறது. மின்சார மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. வேலை என்னவோ ஒன்றுதான்.

தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளில் நிறுத்த நிலை என்று ஒன்று உண்டு. அதில், கியர்ப் பெட்டிக்குள் சிறிய இரும்பு நாக்கு ஒன்று பற்சக்கரத்தில் விழுந்து வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சிறு நாக்கை மட்டும் நம்பி ஒன்றரை டன், இரண்டு டன் எடையைச் சரிவில் விட்டுச் செல்வது புத்திசாலித்தனம் அல்ல.

வண்டி நின்றதும் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கும் முன்பே கைப் பிரேக்கைப் போட வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்தி, கியரில் விட வேண்டும்: மேட்டை நோக்கி நின்றால் முதல் கியர், பள்ளத்தை நோக்கி நின்றால் பின் கியர். பள்ளத்தை நோக்கி நிற்கும்போது முன் சக்கரங்களைச் சாலை ஓரத்தை நோக்கித் திருப்பி வைப்பது நல்லது. நம் லாரி டிரைவர்கள் மலைப்பாதையில் சக்கரத்தின் கீழே கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். அனுபவம் தந்த பாடம் அது.

இரண்டு நிமிஷ வேலை என்று சொல்லி, எஞ்சின் ஓடும் வண்டியில் குழந்தைகளை விட்டுவிட்டுக் கீழே இறங்கக் கூடாது. உருளும் வண்டியைக் கையால் தடுக்கவும் முயலக் கூடாது. அதன் எடைக்கு முன் எந்தப் பயில்வானும் துரும்புதான்.

பாரிஸ் நகரத்துக் காரோட்டி துஷ்டர் அல்ல. குடிவெறியர் என்றும் யாரும் சொல்லவில்லை. மோதலைத் தவிர்த்த பரபரப்பில், தினந்தோறும் செய்யும் ஒரு காரியத்தை ஒரே ஒரு தடவை விட்டுவிட்டார். அவரை மன்னிக்க இஸடோராவைப் போன்ற ஒரு தாய் இருந்தார். அவர் மன்னித்தும் குழந்தைகள் திரும்பி வரவில்லை.

ஆகவே, காரை விட்டு இறங்குபவர் எவரானாலும், எவ்வளவு அவசரமானாலும், கதவைத் திறக்கும் முன் கைப் பிரேக்கைப் போட்டாயிற்றா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.